லிஃப்ட் அக்காவும் நாலாவது மாடியும்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் முதலில் எல்லாப் பட்டனையும் அமுக்குவார். அடுத்து கதவைத் தட்டுவார். அதுவும் வேலைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் மணிப் படம் போட்ட மஞ்சள் பட்டன் கண்ணில் படும். அதை அமுக்கினால் ஒரு பெண்குரல் வரும்: "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு ஐம்பத்து மூன்று வயது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், நாலாவது மாடியில், ஜன்னலோரமாக உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒரு தடவை, நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மாட்டிக்கொண்டார். அழாத குறை. அக்கா லிஃப்டுக்குள் வைத்தே அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தயார் பண்ணி அனுப்பினாள். வேலை கிடைத்துவிட்டது என்று மறுவாரம் ஆபீசுக்கு ஒரு கேக் வந்தது. இன்னொரு தடவை, சண்டை போட்டுக்கொண்டே ஏறிய புருஷன் பெண்டாட்டி முக்கால் மணி நேரம் உள்ளே அகப்பட்டார்கள். அக்கா நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணினாள். கதவு திறந்தபோது அந்த அம்மாள் புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்ததாக மெக்கானிக் வந்து சொன்னார்.

ஆபீசில் மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே அவள் "லிஃப்ட் அக்கா". கட்டிடத்தின் கீழே சாவிக்கடை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் சாவிக்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "நேத்து எத்தனை பேரை உள்ளே போட்டீங்க அக்கா?" என்பார், ஏதோ அவள் ஜெயில் நடத்துகிற மாதிரி. பக்கத்தில் டீக்கடை. அதை நடத்துகிற அம்மாள் ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரின் சர்க்கரை அளவையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். சர்க்கரை கூடாதென்று டாக்டர் சொன்ன ஆள் யார், அதை மறைக்கிற ஆள் யார் என்பதும் அவளுக்கு அத்துப்படி. எதிர்ச்சாரியில் சலூன். அதன் கண்ணாடியில் தலையைச் சரிபார்த்துக்கொண்டுதான் அக்கா மாடியேறுவாள். உள்ளே பாதி முகம் சோப்பு நுரையோடு இருப்பவர்கூட அவளுக்கு ஒரு வணக்கம் வைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாலாவது மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தரையெல்லாம் குளம். மூன்று மாதம் ரிப்பேர், அதுவரை எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று மேனேஜர் சர்க்குலர் அனுப்பினார். மேனேஜருக்கு ஆபீசில் பட்டப்பெயரே "சர்க்குலர்"தான். டீக்கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பது எப்படி என்று ஏழு அம்சங்களோடு சர்க்குலர் போட்ட மனுஷன். மூன்று மாதம் முடிந்ததும் அடுத்த சர்க்குலர் வந்தது: வீட்டிலிருந்து வேலை நன்றாகவே நடக்கிறது, ஆகவே இனிமேல் நிரந்தரமாக இப்படித்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வாரம் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் இடிபாடு இல்லை. செருப்பு தேயாது. சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டாம். இரண்டாவது வாரம் பிரச்சினை ஆரம்பித்தது.

அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூக்கம். இருந்ததோ இரண்டு அறை வீடு. அக்காவின் மேஜை படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தது. மனுஷன் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே என்று அக்கா குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். முதல் நாளே ஒரு பெண் லிஃப்டுக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன் மேடம் ரகசியமா பேசுறீங்க? நிலைமை அவ்வளவு மோசமா?"

சரி என்று ஹெட்போனையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே பேசினால் குரல் எதிரொலித்தது. அடுத்து அழைத்த பெரியவர் ஒருவர், "அய்யோ, நீங்களும் உள்ளே மாட்டிக்கிட்டீங்களா?" என்று பதறிப்போனார். அவரைச் சமாதானப்படுத்த கால் மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் சமையலறை மேடையே கதி என்று ஆனது. அங்கே மாமனார். எண்பத்தோரு வயது. ஒரு காலத்தில் ரயில் ஓட்டியவர். காது இன்னும் கத்தி மாதிரி. மருமகள் யாரோடு பேசினாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்குதாம்?" என்பார்.

"மாமா, நான் பேசிட்டிருக்கேன்."

"பிரேக்தான் பிடிச்சிருக்கும். ஆளை நடுவுல நிக்கச் சொல்லும்மா. பாரம் ஒரு பக்கமா இருக்கக் கூடாது."

"ஐயா யாருங்க? இன்ஜினியரா?" என்று உள்ளே இருப்பவர் கேட்பார்.

"ஆமாங்க, மூத்த இன்ஜினியர்" என்று அக்கா சொல்லிவைப்பாள். வேறென்ன செய்வது?

ஆள் வெளியே வந்தாயிற்று என்று தெரியும்வரை மாமனார் சாப்பிட மாட்டார். ஒரு நாள் அடுத்தடுத்து நாலு லிஃப்ட் நின்றதில் அவர் மத்தியானச் சாப்பாடு நாலரை மணிக்குப் போயிற்று. புருஷன் எழுந்து வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "இது காலையா, சாயங்காலமா?" என்று குழம்பினார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க ஆள் வேண்டுமே. அதுதான் அக்காவுக்குப் பெரிய குறை. ஆபீசில் ஒரு அழைப்பு முடிந்ததும் நாற்காலியைச் சுழற்றினால் போதும், பக்கத்து மேஜையில் நெட்டையன் காத்திருப்பான். ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்தச் சக ஊழியன் கதை கேட்பதற்கென்றே பிறந்தவன். இப்போது நாற்காலியைச் சுழற்றினால் எதிரே குளிர்சாதனப் பெட்டி. அதனிடம் எதைச் சொல்ல? தொலைபேசியில் நெட்டையனை அழைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் "ஆமா, ஆமா" என்றான். குழந்தைக்குச் சொன்னானா, தனக்குச் சொன்னானா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு, "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். போனது பல் டாக்டரிடம் இல்லை. பழைய பஸ்ஸில் ஏறி, பழைய நிறுத்தத்தில் இறங்கினாள்.

சாவிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தவே மறந்துபோனார். அரைபட்டுக்கொண்டிருந்த சாவி பாழ். "போகட்டும் அக்கா, சாவி வேற போட்டுக்கலாம். இத்தனை நாளா ஆளையே காணோமே, நீங்களே எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களோன்னு நினைச்சேன்!" டீக்கடை அம்மாள் கேட்காமலே அரைச் சர்க்கரையில் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து அக்கா ஒன்றரை மணி நேரம் பேசினாள். குளியலறைக் கதையைச் சொன்னபோது டீக்கடை அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தொண்டை வறண்டு, முதுகு வலித்து, மனசு லேசாகி அக்கா வீடு திரும்பினாள்.

அடுத்த செவ்வாயும் பல் டாக்டர். அதற்கடுத்த செவ்வாயும். நாலாவது வாரம் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எந்தப் பல்லு?"

"கீழே... கடைவாய்."

"போன வாரம் மேலேன்னியே?"

"பரவியிருக்கு மாமா."

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். ஆனால் மீசைக்குள் சிரித்தது அக்காவுக்குத் தெரிந்தது.

அந்த நாலாவது செவ்வாயில்தான் சாவிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி ஒரு சேதி சொன்னார். கட்டிடத்தின் கீழ் மூன்று மாடிகளும் பழைய சாமான் போடும் கிடங்கு. அங்கே வாரக்கணக்கில் ஆள் வராது. நாலாவது மாடியோ பூட்டிக் கிடக்கிறது. "ஆனா புதன்கிழமையானா லிஃப்ட் ஓடுற சத்தம் கேக்குது அக்கா. மேலே போகுது. சாயங்காலம் கீழே வருது. நான் வெளியே வந்து பாக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்."

"பேய்க்கு எதுக்கு லிஃப்ட்? அது பாட்டுக்குப் பறந்து போகாதா?" என்றாள் டீக்கடை அம்மாள். மூவரும் சிரித்தார்கள். விஷயம் அதோடு போயிற்று.

மறுநாள் புதன்கிழமை. பதினொரு மணி இருக்கும். அக்கா சமையலறை மேடையில் காய் நறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனில் மணி அடித்தது. திரையில் எந்தக் கட்டிடத்து லிஃப்ட் என்று முகவரி வரும். வந்த முகவரியைப் பார்த்து அக்காவுக்குக் கத்தி கையிலிருந்து நழுவியது. அவர்களுடைய ஆபீஸ் கட்டிடமேதான்.

"பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பிறகு யாரோ வேண்டுமென்றே கரகரவென்று குரலை மாற்றிக்கொண்டு, "ஒருத்தர்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

இருபத்திரண்டு வருஷம் கேட்ட செருமல். ஒவ்வொரு மீட்டிங்குக்கு முன்னாலும் ஒலித்த செருமல்.

"சார்?" என்றாள் அக்கா.

"ஆமாம்மா. நான்தான்" என்றார் சர்க்குலர், சொந்தக் குரலில்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது லிஃப்ட். ஊர் லிஃப்டையெல்லாம் பார்த்துக்கொள்கிற கம்பெனியின் சொந்த லிஃப்ட்தான் எல்லாவற்றிலும் கிழடு. அதைப் பார்க்க யாருக்கும் நேரம் வாய்த்ததில்லை. அக்கா மெக்கானிக்கைப் பிடித்தாள். அவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். வந்து சேர ஐம்பது நிமிஷமாவது ஆகும்.

"சார், மெக்கானிக் கிளம்பிட்டார். லைட் எரியுதா? மூச்சு விட சிரமமா இருக்கா?"

"லைட் எரியுது. மூச்சு... தெரியலம்மா. நெஞ்சு படபடங்குது. சுவர் கிட்ட கிட்ட வர்ற மாதிரி இருக்கு."

இந்த மாதிரி நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று இரண்டு பக்க சர்க்குலர் ஒன்று உண்டு. அவரே எழுதியது. அக்கா முறைப்படி அதை ஆரம்பித்தாள்: "மதிப்புக்குரிய பயணியே, தங்களது பாதுகாப்பே எங்களது முதல்..."

"அதை விடும்மா!" என்று அலறினார் சர்க்குலர். "எவன் எழுதினான் அதை? சும்மா ஏதாவது பேசு!"

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டாள். "சரி சார். தரையில உக்காருங்க. முதுகைச் சுவர்ல சாய்ச்சுக்கோங்க. உக்காந்தாச்சா? கையில என்ன வச்சிருக்கீங்க?"

"சாப்பாட்டு டப்பா."

"பூட்டின ஆபீசுக்கு சாப்பாட்டு டப்பாவா?"

மெல்ல மெல்ல வந்தது கதை. அவர் மனைவி வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள். ஹாலில் ஆறு மெஷின். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். மேனேஜருக்குக் கிடைத்த இடம் படுக்கையறைக் கட்டிலின் ஓரம். மடியில் தலையணை, தலையணை மேல் கம்ப்யூட்டர். இரண்டு மாதத்தில் முதுகு வளைந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். "ஒரு நாள் துணி அளவெடுக்க ஆள் இல்லைன்னு என்னை நிக்க வச்சு, என் மேல ஊசி குத்தினாங்கம்மா. நான் மீட்டிங்ல இருந்தேன். கேமரா ஆன்ல இருந்துச்சு." அன்றைக்குத்தான் தீர்மானித்தாராம். புதன்கிழமை தோறும் யாருக்கும் சொல்லாமல் வந்து, தன் அறையைத் திறந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் போவார்.

"அப்போ எங்களை ஏன் சார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்கன்னு நினைச்சேன். யாருமே ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

மறுபடி செருமல். "நீ எப்பவும் படியிலதானே ஏறிப் போவே? லிஃப்ட் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு, நாலு மாடியும் நடந்து போறியேன்னு நினைப்பேன். இப்பப் புரியுது" என்றார்.

அப்போதுதான் அக்காவுக்குத் தோன்றியது. கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்? இன்னொரு போனில் சாவிக்கடைக்காரரை அழைத்தாள். அவர் டீக்கடை அம்மாளையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். இரண்டாவது மாடிக் கதவருகே நின்று, "சார், நாங்க வந்துட்டோம்!" என்று அவர் கத்தியது ஹெட்போனில் அக்காவுக்கே கேட்டது.

"அக்கா, இந்தக் கதவுப் பூட்டு ஒண்ணுமேயில்ல. ரெண்டு நிமிஷத்துல நெம்பிடுவேன்" என்றார் சாவிக்கடைக்காரர்.

"கை வச்சீங்கன்னா தெரியும் சேதி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. "பாதியில நிக்கிற லிஃப்ட் அது. கதவைத் திறந்தா ஆள் இடுக்குல விழுந்துடுவார். நீங்க பேச்சு மட்டும் கொடுங்க, போதும்."

அந்தச் சத்தத்தில் புருஷன் தூக்கம் கலைந்து வந்து நின்றார். மாமனார் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவளோட மேனேஜராம்டா. உள்ளே கிடக்கார்" என்று மகனுக்கு விளக்கினார். புருஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "படபடப்பா இருந்தா மூக்கு வழியா மெதுவா மூச்சிழுத்து, வாய் வழியா விடச் சொல்லு. நாலு எண்ணி இழுக்கணும், ஆறு எண்ணி விடணும்" என்றார். அக்கா சொன்னாள். உள்ளே சர்க்குலர் எண்ணினார். வெளியே கதவருகே நின்ற இருவரும் கூடவே எண்ணினார்கள்.

ஐம்பத்தைந்தாவது நிமிஷம் மெக்கானிக் வந்து, லிஃப்டை மெல்ல இறக்கி, கதவைத் திறந்தார். டீக்கடை அம்மாளின் குரல்தான் முதலில் கேட்டது: "அட, டை எல்லாம் கட்டிக்கிட்டு வந்திருக்காரே!" சமையலறையில் மாமனார் கை தட்டினார். புருஷன் கொட்டாவியோடு தட்டினார். அக்காவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறாள். முகம் தெரிந்த ஆள் இவர்தான் முதல்.

மறுநாள் காலையில் சர்க்குலர் போன் பண்ணினார். "நேத்து நடந்தது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா."

"இருக்கட்டும் சார். ஆனா சாவிக்கடைக்குத் தெரிஞ்சாச்சு. டீக்கடைக்குத் தெரிஞ்சாச்சு. சலூனுக்கு இந்நேரம் போயிருக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? ஆபீசைத் திறந்து விடுங்களேன். எல்லாரும் வரணும்னு இல்ல. வேணுங்கறவங்க வரட்டும்."

"நிரந்தரம்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேனேம்மா. இப்போ மாத்தினா என்ன நினைப்பாங்க?"

"முதல் தடவையா எங்ககிட்ட கேட்டீங்கன்னு நினைப்பாங்க."

அன்றே சாயங்காலம் சர்க்குலர் வந்தது. அவர் வாழ்நாளிலேயே குட்டியான சர்க்குலர், ஒரே வரி: ஆபீசுக்கு வர யாருக்கெல்லாம் விருப்பம்?

பத்தொன்பது பேரில் பதினோரு பேர் கை தூக்கினார்கள். நெட்டையன் தூக்கவில்லை. "இல்ல அக்கா, தப்பா நினைக்காதீங்க. குழந்தை நடக்க ஆரம்பிக்கப் போறான். முதல் அடி எடுத்து வைக்கறப்போ நான் வீட்டுல இருக்கணும்" என்றான். அக்காவுக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அப்புறம், "சரிதான்டா. அவன் நடந்ததும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிட்டாள். "பல் டாக்டர் எல்லாம் இல்லீங்க. டீ குடிக்கத்தான் போறேன்."

"தெரியும்" என்றார் புருஷன். "பல் வலிக்குப் போயிட்டு எவளாவது பாட்டுப் பாடிக்கிட்டே திரும்பி வருவாளா?"

அடுத்த திங்கட்கிழமை நாலாவது மாடி திறந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. தரை ஓடுகள் வேறு நிறம். அக்கா எட்டு இருபதுக்கே போய்ச் சேர்ந்தாள். போனால் அவளுக்கு முன்னாலேயே வந்து, அவள் ஜன்னலோரத்தில் தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பில்லிங் பிரிவுக்காரி.

"எழுந்திரு, அது என் இடம்."

"பேர் எழுதியிருக்கா அக்கா? முதல்ல வந்தவங்களுக்குத்தான்."

"இருபத்திரண்டு வருஷம் உக்காந்திருக்கேன்டி!"

"அப்போ எனக்கு ஒரு வருஷமாவது கொடுங்க. நான் வீட்டுல பரணுக்குக் கீழே உக்காந்து வேலை பாத்தவ."

சத்தம் கேட்டு எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு வாதாடினார்கள். ஒருவர் காற்றாடியை நிறுத்தச் சொன்னார், இன்னொருவர் வேகமாகப் போடச் சொன்னார். அறையிலிருந்து சர்க்குலர் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கொரு சர்க்குலர் போடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா இடுப்பில் கை வைத்து, தொண்டை திறந்து, மூச்சுவிடாமல் ஒன்பது மணி வரை சண்டை போட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.